கலாசாலை மாணவரும் சித்தப் பிரமையும்

"நன்றாய்ப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென்று இப்படி ஆகிவிட்டான்" என்று பெற்றோர் கண்ணீர் விடுவதை நாம் கேட்டிருக்கிறோம். 'திடீரென்று' என்பது பெரும்பாலும் உண்மையன்று. டாக்டர்கள் 'ஸைகோஸிஸ்' என்று கூறும் சித்தப் பிரமை, பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லவே நெருங்குகிறது. 17, 18 வயது முதல் 25, 26 வயது வரையுள்ள காலந்தான் அது மிகுதியாகத் தலைகாட்டும் பருவம். கலாசாலைப் பருவமும் அதுவே.

அப்போது மாணவன் என்ன செய்கிறான்? தூக்கமில்லை, பாடத்தில் மனம் பதியவில்லை என்று கலாசாலையின் மாணவர் ஆலோசகரிடம் போகிறான். ஆளில்லாத அறையில் குரல் கேட்பதையும், எல்லோரும் தன்னையே கவனிப்பதாகத் தோன்றுவதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்களோ என்ற பயம்! ஆலோசகரும் பரீட்சைக் கவலை என்றெண்ணித் தைரியம் கூறி அனுப்பிவிடுகிறார். காலம் வீணே கழிகிறது.

ஆகையால், அவன் சொல்லாததை ஆலோசகர் கேட்டறிய வேண்டும். இதற்கென நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் 16 கேள்விகள் கொண்ட சிறு வினாத்தாளை வெளியிட்டார்கள். ஆம், இல்லை என்று விடை எழுதச் சில நிமிஷங்கள் போதும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்றால், மனோவைத்தியர் விரிவாக விசாரிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வினாத்தாள் வியாதியை நிச்சயிப்பதில்லை. தூக்கக் குறைவாலும், துக்கத்தாலும், கஞ்சாவாலுங்கூட இத்தகைய அனுபவங்கள் நேரிடலாம். விரிவான விசாரணையில் அபாயம் மிகுந்தவரெனக் காணப்பட்டவர்களிலும், மூன்று ஆண்டுகளுக்குள் பிரமை காண்பவர் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே. எனவே, யாருக்கும் அவசரப்பட்டுப் பெயர் சூட்டலாகாது. பரிவுடன் பேசி, விடாமல் கவனித்து வருவதே முறை.

சீக்கிரம் கண்டறிவதால் பயனுண்டா? நார்வே தேசத்தின் ரோகலாந்து மாகாணத்தைப் பாருங்கள். 1997 முதல் அங்கே பத்திரிகை, ரேடியோ, சினிமா வாயிலாக இவ்வியாதியின் அறிகுறிகளை ஜனங்களுக்கு விளக்கினார்கள். பள்ளி ஆசிரியர்களுக்குப் போதித்தார்கள். சந்தேகங் கொண்ட எவரும் நேரே டெலிபோனில் அழைக்க ஒரு குழுவை அமைத்தார்கள். பிரமை தோன்றிச் சிகிச்சை தொடங்கும்வரை கழிந்த இடைக்காலம், பாதிப்பேருக்கு 5 வாரத்துக்குள் அடங்கியது. இம்முயற்சி நடைபெறாத பிரதேசங்களில் அது 16 வாரம். பத்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, முந்திய பகுதியில் நூற்றுக்கு 31 பேரும், மற்றவற்றில் 15 பேரும் நன்கு தேறியிருந்தனர். விளம்பரத்தை நிறுத்தியதும் ரோகலாந்திலேயே அந்த 5 வாரம் 15 வாரமாக நீண்டுவிட்டது! அறிவு பரப்புதலும் மருந்தோடு மருந்தாக எண்ணத்தக்கது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் வழியில்லாமலில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் ஸ்தாபித்த 'ஸ்கார்ஃப்' இத்துறையில் உழைத்து வருகிறது. மத்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பிள்ளை சிநேகிதரை விட்டு விலகினால், இரவு முழுதும் விழித்திருந்தால், காரணமின்றிப் பிறரைச் சந்தேகித்தால், "சோம்பேறி" என்று கடிந்து கொள்ளாமல் அருகில் அமர்ந்து விசாரியுங்கள். ஜாதகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டாக்டரை முதலில் பாருங்கள். இதில் முந்துகின்ற ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் படிப்புக்கும் வாழ்வுக்கும் நாம் தேடி வைக்கும் செல்வமாகும்.