குப்பையில் பிறந்த சிற்பக் கூட்டம்

சண்டிகரில் வீதிகள் நேர்க்கோடாக ஓடும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே போட்ட திட்டப்படி எழுந்த நகரம் அது. ஆனால் அங்கே பார்வையாளர்கள் தேடிப் போகும் ‘ராக் கார்டன்’ அந்தத் திட்டத்தில் இல்லாத ஒன்று. அதை உருவாக்கியவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த்.

இவர் 1924-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947-ல் நாடு பிரிந்தபோது சொந்த மண்ணை விட்டு வந்தார். பிழைப்புக்காகச் சண்டிகர் சேர்ந்தார். புது நகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்ட காலம் அது. உடைந்த ஓடு, பீங்கான், மண்பாண்டம் எல்லாம் குவிந்து கிடந்தன. அவற்றைச் சேர்க்கத் தொடங்கினார் நேக் சந்த்.

சைக்கிளில் வந்த கற்கள்

வேலை முடிந்ததும் சைக்கிளில் ஆற்றுப் படுகைக்குப் போவார். நீர் அரித்த கற்களில் பறவை, விலங்கு, மனிதச் சாயல் தெரிந்தால் எடுத்து வருவார். அவற்றில் உளி படாது. இயற்கை கொடுத்த வடிவத்திலேயே நிறுத்தி வைப்பார்.

பொம்மைகளுக்கு வேறு முறை. பழைய சைக்கிள் சட்டமும் இரும்புக் கம்பியும் எலும்புக்கூடு. அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த பூச்சு. பூச்சு இறுகுமுன் உடைந்த வளையலையும் பீங்கான் துண்டையும் பதித்தால், அதுவே சேலை, அதுவே சட்டை! சைக்கிளின் முன்கவை விலங்குக்குக் காலாயிற்று.

வேலைக்கே ஆபத்து

இத்தனையும் நடந்தது கட்டடம் எழுப்பத் தடை விதிக்கப்பட்ட அரசு வனநிலத்தில். வெளியே தெரிந்தால் சிலைகள் தரைமட்டமாகும், உத்தியோகமும் போகலாம். ஆகவே இரவில், பழைய டயரைக் கொளுத்திய வெளிச்சத்தில் வேலை நடந்தது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் இரகசியம் காக்கப்பட்டது.

1975-ல் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டப்படி இடிக்க வேண்டிய இடந்தான். ஆனால் பார்த்தவர்கள் வியந்தார்கள். மக்கள் ஆதரவு திரண்டது. 1976-ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே பணியைத் தொடர நேக் சந்துக்கு அரசே சம்பளமும் 50 தொழிலாளர்களையும் கொடுத்தது. 1984-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2015-ல், தமது 90-வது வயதில் அவர் காலமானார். ஊரை இழந்து வந்தவர், ஊர்கள் இடிந்த மிச்சத்தைக் கொண்டு எழுப்பிய உருவங்கள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அத்தனைக்கும் முதலீடு, உத்தியோகம் போக மிஞ்சிய மாலைப் பொழுதுதான்.