இடக்கையாளருக்கான மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி என்பது அலகைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்துக்கொள்ளத்தக்க சிறு கத்தி ஆகும். பேனாக்கத்தி என்று நாம் அழைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. கயிறு அறுக்க, பழம் நறுக்க, அட்டைப்பெட்டி திறக்க, செடியில் ஒட்டுக்கட்டப் பயன்படும் இக்கத்தி, பார்வைக்கு எந்தக் கைக்கும் பொதுவானதாகத் தோன்றும். ஆனால் அதன் திறப்பு, பூட்டு, கொக்கி ஆகிய மூன்றும் பெரும்பாலும் வலக்கைக்கு ஏற்றவாறே அமைக்கப்படுகின்றன.

மனிதர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களிலும் சிலர் கத்தியை இடப்பக்கப் பையில் வைத்து இடக்கையால் எடுக்க வேண்டியுள்ளது. மரத்தின் மேல் கிளையைப் பற்றியபடி வேலை செய்பவர், படகில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருப்பவர், காயத்தாலோ பக்கவாதத்தாலோ வலக்கை வலுவிழந்தவர் ஆகியோர் இதற்கு எடுத்துக்காட்டு. இவர்கள் அனைவரும் கத்தி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இடக்கையால் இதைத் திறக்க முடியுமா?" என்பதைவிட, "இடக்கையால் இதைக் காயமின்றி மூட முடியுமா?" என்பதே.

பக்கங்களை அறிதல்

கத்தியை விரித்து, முனை முன்னோக்கியும் வெட்டும் விளிம்பு கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடித்துக்கொள்க. அப்போது நம் வலப்புறம் இருப்பது கத்தியின் வலப்பக்கம். இடப்புறம் இருப்பது இடப்பக்கம். வலக்கையில் பிடித்தால் கட்டைவிரல் கத்தியின் இடப்பக்கத்தில் அமையும். இடக்கையில் பிடித்தால் அது வலப்பக்கத்தில் அமையும். பின்வரும் செய்திகள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

திறக்கும் முறை

பழைய பேனாக்கத்திகளில் அலகின் இடப்பக்கத்தில் நகம் நுழைக்க ஒரு பள்ளம் இருக்கும். கத்தியை இடக்கையில் பிடித்து வலக்கை நகத்தால் இழுப்பவருக்கே அது வசதி. பிரான்சின் ஒப்பினெல் நிறுவனம் இப்பள்ளத்தை மறுபக்கத்தில் வைத்து இடக்கையாளருக்கெனத் தனிக் கத்தியும் செய்கிறது.

ஒரே கையால் திறக்கும் கத்திகளில் அலகின் அடியில் ஒரு குமிழ் இருக்கும். அது ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வலக்கைக் கட்டைவிரலுக்கானது. இருபக்கமும் இருந்தால் யாருக்கும் பயன்படும். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் அறிமுகப்படுத்திய கத்தியில் குமிழுக்குப் பதிலாக அலகிலேயே ஒரு வட்டத் துளை இருந்தது. துளை ஊடுருவிச் செல்வதால் எந்தக் கைக் கட்டைவிரலும் அதைப் பிடித்துத் தள்ளலாம். சுட்டுவிரலால் தட்டித் திறக்க உதவும், கைப்பிடியின் முதுகுப்புறம் நீண்டிருக்கும் நாக்கு போன்ற பகுதியும் இவ்வாறே இரு கைக்கும் பொது.

திறப்பு பொதுவாக இருந்தால் கத்தி முழுவதும் பொதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. இரு கையாலும் திறக்கக்கூடிய பல கத்திகளின் பூட்டு, வலக்கைக்கு உரியதாகவே இருக்கிறது.

பூட்டு

விரிந்த அலகு தானாக மடங்கி விரல்களின் மேல் விழாமல் தடுப்பது பூட்டு. காயம் ஏற்படுவதும் தவிர்க்கப்படுவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே.

லைனர் லாக்: கைப்பிடியின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு, அலகு விரிந்ததும் இடப்பக்கமாக வளைந்து வந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கும். 1980-களில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் இதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தார். மூடுவதற்குத் தகட்டை வலப்பக்கம் தள்ள வேண்டும். வலக்கையாளரின் கட்டைவிரலுக்கு இது இயல்பான அசைவு. இடக்கையாளரோ சுட்டுவிரலால் தள்ள வேண்டும், அல்லது கட்டைவிரலை வளைத்து இழுக்க வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில் விரல், அலகு மடங்கும் பாதையில் நின்றுவிடலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. இடக்கையால் இறுகப் பிடிக்கும்போது, கீழாகச் சுற்றி வரும் சுட்டுவிரலின் சதை, தகட்டை அது விடுபடும் திசையிலேயே அழுத்தக்கூடும்.

பிரேம் லாக்: தனித் தகட்டுக்குப் பதிலாகக் கைப்பிடிச் சட்டத்தின் ஒரு பகுதியே வளைந்து முட்டுக்கொடுப்பது. மேற்கூறிய சிக்கல்கள் இதற்கும் பொருந்தும். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா போன்ற சில கத்திகள் இடக்கைக்கென முழுவதும் திருப்பி அமைத்த வடிவிலும் கிடைக்கின்றன.

பேக் லாக்: கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் விடுபடும். பக் நிறுவனத்தின் 110 என்ற கத்தி 1960-களில் இதைப் பரவலாக்கியது. நடுவில் அமைந்திருப்பதால் இரு கைக்கும் ஒன்றே.

ஆக்சிஸ் லாக்: கைப்பிடிக்குக் குறுக்கே செல்லும் ஒரு சிறு தண்டு அலகைத் தாங்கி நிற்கும். தண்டின் முனைகள் இருபுறமும் தெரிவதால் எந்தக் கையாலும் பின்னுக்கு இழுக்கலாம். இழுக்கும் விரல்கள் அலகின் பாதைக்கு வெளியே இருக்கும். பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் இதை அறிமுகப்படுத்தியது.

வளையப் பூட்டு: ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் உள்ளது. கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. இரு கைக்கும் பொது என்றாலும், திருகுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கை மட்டுமே இயங்குபவருக்கு இது உதவாது.

பூட்டே இல்லாத பேனாக்கத்திகளில் பின்வில் ஒன்றே அலகை நிறுத்தி வைக்கிறது. இதில் கைவேறுபாடு இல்லை. ஆனால் குத்துவதற்கோ துளைப்பதற்கோ பயன்படுத்தினால் அலகு மடங்கி விரலை வெட்டும்.

கொக்கியும் பையும்

பல கத்திகளில் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி உண்டு. வலப்பக்கக் கொக்கியுடன், அலகின் முனை மேல்நோக்கி இருக்குமாறு வலப்பையில் மாட்டினால், அலகின் முதுகு பையின் பின்தையலை ஒட்டி நிற்கும். தையல் தடுப்பதால் அலகு திறக்காது. அதே கத்தியை இடப்பையில் மாட்டினால் முதுகு முன்பக்கம் திரும்பிவிடும். அலகு சற்று விலகியிருந்தால், பைக்குள் நுழையும் கை நேராக முனையில் படும். ஆகவே இடப்பையில் வைப்போர், கொக்கியைக் கழற்றி இடப்பக்கத்தில் பொருத்துவதற்குத் திருகாணித் துளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

வெட்டும் விளிம்பு

இருபுறமும் சமமாகச் சாணை பிடித்த அலகு எந்தக் கைக்கும் பொருந்தும். உளியைப் போல ஒரே பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய அலகு, வெட்டும்போது ஒரு பக்கமாக விலகிச் செல்லும். அது எந்தக் கைக்குத் தீட்டப்பட்டது என்று கேட்டறிந்து வாங்குவது நல்லது.

வாங்கும்போது செய்யவேண்டிய சோதனை

1. இடக்கையில் மட்டும் பிடித்து, மெதுவாகத் திறந்து பார்க்கவும்.
2. பூட்டை விடுவிக்கும்போது எந்த விரலாவது அலகின் பாதையில் நிற்கிறதா என்று கவனிக்கவும்.
3. இடக்கையால் இறுகப் பிடித்து, பூட்டின் மேல் விரல் அழுத்துகிறதா என்று பார்க்கவும்.
4. கொக்கியை இடப்பக்கம் மாற்ற முடியுமா என்று பார்க்கவும்.

இரண்டாம், மூன்றாம் சோதனைகளில் தேறாத கத்தி எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம்.

சட்டம்

ஒரு கையால் திறப்பதும் பூட்டு இருப்பதும் சில நாடுகளில் சட்டச் சிக்கலாகின்றன. இங்கிலாந்தில், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியையே தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். செருமனியில், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியில் கொண்டுசெல்லக் கூடாது. பொத்தானை அழுத்தினால் தானே விரியும் கத்திகளைக் கட்டுப்படுத்தும் 1958-ஆம் ஆண்டு அமெரிக்க நடுவண் சட்டம், ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய அத்தகைய கத்தியை வைத்திருக்க விலக்கு அளிக்கிறது. இரு கை வேண்டும் கருவி எல்லோருக்கும் ஏற்றதாகாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

விமானப் பயணிகள் கத்தியைக் கைப்பையில் எடுத்துச் செல்லப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. பள்ளிக்கு எந்தக் கத்தியையும் மாணவர்கள் கொண்டுசெல்லக் கூடாது.