வடிவமில்லாப் புரதங்கள்

தைத்த சட்டை அளவெடுத்தவருக்கே பொருந்தும். ஆனால், தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர் தோளில் போட்டிருந்த துண்டு பல வேலைகளுக்குப் பயன்பட்டது. வெயிலில் அது தலைப்பாகை. சுமை தூக்கும்போது சும்மாடு. வேலை முடிந்ததும் வியர்வை துடைக்கும் துணி. தனக்கென ஒரு வடிவம் இல்லாததே துண்டின் சிறப்பு. நம் உயிரணுக்களிலும் இந்தத் துண்டைப் போன்ற புரதங்கள் உள்ளன. அவற்றை நிலையான வடிவமற்ற புரதங்கள் என்பர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும். இருபது வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் இணைந்து ஆயிரக்கணக்கான புரதங்களை உருவாக்குகின்றன. பெரும்பாலான சங்கிலிகள் மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பெறுகின்றன. 1894ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர், நொதியும் அது செயல்படும் பொருளும் பூட்டும் சாவியும்போல் பொருந்துகின்றன என்றார். வடிவம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்னும் கருத்து அதன்பின் வேரூன்றியது.

புரதங்களின் வடிவத்தை அறிவதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் விளக்கினார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதைக் காட்டும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ 1963இல் வெளிவந்தது. உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

எனினும், சில புரதங்கள் இந்தப் பூட்டு–சாவிக் கருத்துக்குள் அடங்கவில்லை. எக்ஸ் கதிர் கொண்டு படமெடுத்தபோது, அவற்றின் சில பகுதிகள் படத்தில் தெரியவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் படமெடுத்தால் உருவம் கலங்கிப் போவது போன்றதே இது. அந்தப் பகுதிகள் ஓயாமல் நெளிந்து வடிவம் மாறிக்கொண்டிருந்தன. இவை பழுதான புரதங்கள் அல்ல. நெகிழ்ந்திருப்பதே இவற்றின் இயல்பு என்று பீட்டர் ரைட், ஜேன் டைசன் ஆகிய இருவரும் 1999இல் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. மனிதப் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இத்தகைய நெகிழ்வான நீண்ட பகுதிகளைக் கொண்டுள்ளதாக இன்று மதிப்பிடப்படுகிறது. வடிவம் இல்லை என்பதால் விதியே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. இராமச்சந்திரன் காட்டிய கோணங்களின் எல்லைக்குள்தான் இவையும் நெளிகின்றன.

வடிவம் இல்லாமல் இவை எவ்வாறு வேலை செய்கின்றன? முதலாவதாக, சில புரதங்கள் கூட்டாளியைப் பற்றிக்கொள்ளும் வேளையில் மட்டும் அதற்கேற்ற வடிவத்தைப் பெறுகின்றன. இரண்டாவதாக, ஒரே பகுதி பல கூட்டாளிகளோடு பல வடிவங்களில் சேர்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்னும் புரதத்தின் வால்பகுதி, ஒரு கூட்டாளியிடம் சுருளாகவும் மற்றொன்றிடம் நீண்ட இழையாகவும் அமைகிறது. மூன்றாவதாக, இவற்றுள் பல, கூட்டாளியை இறுகப் பிடிப்பதில்லை. செய்தியைச் சேர்த்ததும் விட்டுவிடுகின்றன. உயிரணு தன் சூழலுக்கேற்ப விரைந்து செயல்பட இந்தத் தளர்ந்த பிடி துணைசெய்கிறது.

இந்தத் திறனை நோய்க்கிருமிகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1998ஆம் ஆண்டின் இறுதியில் பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. பின்னர் அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. முதலில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது ஒரு புதிய நச்சுயிரி என்று கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றியது. நோயுற்ற 265 பேரில் 105 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பல குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன.

நிப்பா நச்சுயிரியிடம் ஆறு மரபணுக்களே உள்ளன. மனிதனிடமோ ஏறத்தாழ இருபதாயிரம் உள்ளன. ஆறே மரபணுக்களைக் கொண்டு அது எப்படி உடலை வெல்கிறது? அதன் புரதங்கள் சிலவற்றின் நெகிழ்வு இதற்கு ஒரு காரணமாகும். பி, வி, டபிள்யூ என்னும் மூன்று புரதங்களும் ஒரே மரபணுவிலிருந்து உருவாகின்றன. மூன்றின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 400 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே பகுதி உள்ளது. அது நிலையான வடிவமற்றது. கிருமி நுழைந்ததும் நம் உயிரணுக்கள் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளை வெளியிடுகின்றன. அந்த எச்சரிக்கையை உயிரணுவின் உட்கருவுக்குள் எடுத்துச் செல்லும் தூதுவர்களுள் ஒன்று ஸ்டாட்1 என்னும் புரதம். நிப்பாவின் நெகிழ்வான பகுதி இந்தத் தூதுவரைப் பற்றித் தடுத்துவிடுகிறது. வி புரதம் உட்கருவுக்கு வெளியிலும், டபிள்யூ புரதம் உட்கருவுக்குள்ளும் தடுக்கின்றன. எச்சரிக்கை பலனளிக்காததால் உடலின் தற்காப்பு தளர்கிறது.

இத்தகைய புரதங்களைத் தடுக்கும் மருந்தை உருவாக்குவது எளிதன்று. மருந்து என்பது பெரும்பாலும் புரதத்தின் ஒரு குழியில் சென்று பொருந்தும் சிறு மூலக்கூறாகும். நெளிந்துகொண்டே இருக்கும் புரதத்தில் நிலையான குழி ஏது? நிப்பாவுக்கு உரிமம் பெற்ற மருந்தோ தடுப்பூசியோ இன்னும் இல்லாத நிலையில், இந்தப் புரதங்களைப் பற்றிய ஆய்வு முக்கியமானது. இது நிப்பாவோடு முடிவதுமன்று. நம் நரம்பணுக்களில் உள்ள ஆல்ஃபா சினுக்ளின் என்னும் வடிவமற்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது பார்க்கின்சன் நோயோடு தொடர்புடையது. அந்நோய் கண்டவரின் கைகால்கள் நடுங்கும், நடை தளரும்.

படத்தில் தெரியாத பகுதிகளைப் பயனற்றவை என்று ஒதுக்காமல், அவை ஏன் தெரியவில்லை என்று கேட்டதால்தான் இந்தத் துறை வளர்ந்தது. கூட்டாளியைத் தொடும் நொடியில் இப்புரதங்கள் பெறும் வடிவத்தை ஆய்வாளர்கள் இன்று ஆராய்ந்து வருகின்றனர். அந்தப் பிடியை விலக்கும் வழி புலப்பட்டால், நிப்பா போன்ற நோய்களுக்கு மருந்து காணும் முயற்சி ஒருபடி முன்னேறும்.