குசினிப் பள்ளிக்கூடம்

பிறதேசம் போகின்றவர்கள் அங்கே எதைப் பார்க்கப் போகின்றார்கள்? கோயில், கோட்டை, சிற்பம், ஓவியம் என்று விடை சொல்வது வழக்கம். இத்தாலிக்குப் போனவர்களும் நெடுங்காலம் இவற்றையே பார்த்து மீண்டார்கள். இப்பொழுதோ அவர்களிற் பலர் காலை ஒன்பது மணிக்குக் கையிற் பையோடு ஊர்ச் சந்தையில் நிற்கின்றார்கள். பத்தரை மணிக்கு முன்பின் அறியாத ஓர் அம்மையார் வீட்டு அடுக்களையிற் புகுந்து மாப் பிசைகின்றார்கள். மதியத்தில் தாம் சமைத்ததைத் தாமே உண்டு, அதற்குக் கட்டணமுங் கொடுத்து எழுகின்றார்கள். பொலோஞா, புளோரன்ஸ், வெனிஸ், உரோமாபுரி, பலேர்மோ ஆகிய நகரங்களிலெல்லாம் இது நடைபெறுகின்றது. உல்லாசப் பிரயாணிகளின் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று என்று தள்ளிவிடலாம். ஆயின், ஆசிரியத் தொழில் பார்ப்போர்க்கு அப்படித் தள்ளிவிட மனம் வராது. இங்கே கற்பிப்பவர் உண்டு; கற்பவர் உண்டு; பாடமும் உண்டு. அந்தப் பாடம் ஏட்டில் அடங்காத பாடம். அதுவே விசேடம்.

யாழ்ப்பாணத்தார் அடுக்களையைக் குசினி என்பர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. இத்தாலியர் 'குச்சீனா' என்பர். இரண்டும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே இத்தாலியரின் குசினி வாசலில் நாம் கூச்சத்தோடு நிற்கவேண்டியதில்லை, உள்ளே போகலாம்.

பாடம் ஏட்டில் அடங்காது என்றால், இத்தாலியரிடம் சமையல் நூல் இல்லை என்பது கருத்தன்று. பெல்லெகிரீனோ அர்த்தூசி என்று ஒருவர் இருந்தார். பட்டு வாணிகஞ் செய்து பொருளீட்டிப் புளோரன்ஸ் நகரில் ஓய்ந்திருந்தவர். அவர் 1891 ஆம் ஆண்டில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். பதிப்பிப்பார் இன்மையாற் சொந்தச் செலவிலேயே அச்சிட்டார். முதற் பதிப்பில் 475 பாகங்கள். வாசகர் எழுதி அனுப்பியவற்றை ஆராய்ந்து சேர்க்கச் சேர்க்க அவை 790 ஆகப் பெருகின. இத்தாலி ஒரே இராச்சியம் ஆனது 1861 இல். அப்பொழுது ஊருக்கொரு பேச்சு, ஊருக்கொரு சோறு. அவ்வூர்களையெல்லாம் ஒரு மொழியில் ஒரு நூலுள் இருத்தியவர் அர்த்தூசி. நாட்டை ஒன்றாக்கியதில் மன்சோனியின் புகழ்பெற்ற நாவலைக் காட்டிலும் இந்தச் சமையல் நூலுக்குப் பங்கு அதிகம் என்று சொன்ன அறிஞரும் உளர்.

நூலின் பின்னே யார் நின்றார்கள்? மரியெத்தா சபத்தீனி என்ற பெண்ணும், பிரான்செஸ்கோ ருபில்லி என்ற சமையற்காரரும் நின்றார்கள். அர்த்தூசி சொல்ல அவர்கள் செய்தார்கள். அவர்கள் செய்ததைச் சுவைத்து அவர் எழுதினார். 1911 இல் அவர் இறந்தபோது நூலின் உரிமையை அவ்விருவருக்கும் விட்டுச் சென்றார். எழுதிய கை, சமைத்த கைக்குச் செய்த மரியாதை அது. அர்த்தூசி பிறந்த போர்லிம்போபொலி என்னும் சிற்றூரில் 2007 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் உண்டு. அங்கே மா உருட்டக் கற்பிக்கும் பெண்களுக்கு 'மரியெத்தாக்கள்' என்று பெயர். நூலாசிரியர் பெயர் வாசலில். வேலைக்காரப் பெண்ணின் பெயர் வகுப்பில்.

இத்தாலியச் சமையற் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். மா இத்தனை கிராம், முட்டை இத்தனை என்று ஒழுங்காக வரும். உப்பு என்ற இடத்தில் மாத்திரம் இரண்டு எழுத்துக்கள் இருக்கும். 'போதுமான அளவு' என்ற தொடரின் சுருக்கம் அவை. போதுமான அளவு எவ்வளவு? அதை நூல் சொல்லாது. நூலாற் சொல்ல இயலாது. நம் பெண்கள் இதனைக் கைப்பக்குவம் என்பர். அந்த இரண்டு எழுத்துக்களுக்கு உரை காண்பதற்காகவே பிறநாட்டார் கடல் கடந்து வருகின்றனர் எனலாம்.

இவ்வழக்கம் பழையதன்று. இதனைத் தொடங்கியோருள் முதன்மையானவர் மார்ச்செல்லா ஹசான். 1924 இல் அட்ரியாற்றிக் கடற்கரைச் சிற்றூராகிய செசெனாத்திகோவிற் பிறந்தவர். சிறுமியாக எகிப்தில் இருந்தபொழுது வலக்கை முறிந்தது. அது பின்னர் ஒருபோதும் நேராகவில்லை. விஞ்ஞானங் கற்றுப் பட்டம் பெற்றவர். 1955 இல் மணமுடித்து நியூயோர்க் போய்ச் சேர்ந்தபொழுது சமைக்கவே தெரியாதவர். கணவருக்கு உணவளிக்க வேண்டுமே! ஒரு நூலையும், தாய்வீட்டுச் சுவையின் நினைவையும் துணையாக வைத்துக்கொண்டு தாமே பயின்றார். 1969 இல் தம் வீட்டிலேயே பிறர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1973 இல் நூல் எழுதினார். 1976 இல் பொலோஞாவிற் பள்ளி வைத்தார். பின்னர் வெனிஸ் நகரிற் குடியிருந்து மாணவரை ரியால்தோச் சந்தைக்கு அழைத்துப்போய், வாங்கியதைத் தம் வீட்டிற் சமைப்பித்தார். சந்தை முதற்பாடம், அடுக்களை இரண்டாம் பாடம் என்ற முறை அவரால் உலகறிந்ததாயிற்று. 2013 இல் மறைந்தார். வளைந்த கையோடு ஒருவர் கைப்பக்குவத்தின் ஆசிரியர் ஆனார் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு உண்டாகின்றது.

அந்த ரியால்தோச் சந்தையைச் சிறிது பார்ப்போம். பெருங் கால்வாயின் கரையில், பாலத்துக்கு அண்மையில் உள்ளது. இடைக்காலத்தில் மலபார் மிளகும் இலங்கைக் கறுவாவும் அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் வந்து, இவ்விடத்தில் விலை பேசப்பட்டு ஐரோப்பாவின் சமையற்கட்டுகளுக்குப் போயின. இன்று அங்கே மீனும் மரக்கறியும் விற்கின்றனர். மீன் மண்டபம் 1907 இல் எழுந்தது. சந்தைச் சுவரில் ஒரு பழைய சலவைக்கல் பதித்திருக்கின்றது. எந்த மீன் எத்தனை சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் விற்கலாகாது என்பது அதிற் பொறித்த சட்டம். சாளைக்கு 7, விலாங்குக்கு 25. குஞ்சுமீனை விற்பவன் நாளைய சந்தையையே விற்கின்றான் என்பதை அவர்கள் கல்லில் எழுதினார்கள்.

நல்ல ஆசிரியை இன்னது சமைக்கப் போகின்றோம் என்று முன்னரே முடிவு செய்துகொண்டு சந்தைக்கு வருவதில்லை. சந்தை சொல்வதைக் கேட்க வருகின்றார். வசந்தகாலமாயின், சான்த் எராஸ்மோ தீவிலிருந்து கூனைப்பூவின் முதல் மொட்டுகள் வந்திருக்கும். முட்செடி ஒன்றின் விரியாத மொட்டு அது. முதல் மொட்டைக் கிள்ளினால்தான் மற்றவை பருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்கள் ஓடு கழற்றிய நண்டு கிடைக்கும். புதிய ஓடு கடினமாவதற்கு முன் எடுத்தால் முழுதாகவே பொரித்து உண்ணலாம். ஒருநாள் பிந்தினால் இல்லை. இவற்றையெல்லாம் ஆசிரியை சொல்லிக்கொண்டே நடப்பார். மாணவர் முதலிற் கற்கும் ஒழுக்கம் பழத்தைத் தொடாதிருத்தல். தொட்டால் வியாபாரி முகஞ் சுளிப்பார். அவரே எடுத்துத் தருவார். இன்றைக்கா, நாளைக்கா என்று கேட்டு அதற்கேற்பப் பழம் பொறுக்குவார். அமுக்கிப் பார்த்து வாங்கும் நமக்கு இது சற்றுக் கடினமான விரதந்தான்.

இனி அடுக்களைக்குப் போவோம். அதற்குப் பொலோஞாவே ஏற்ற ஊர். மாவை மெல்லிய தகடாக உருட்டும் கலைக்கு அவ்வூர் தலைமையிடம். 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது சூத்திரம். மரப்பலகையில் மாவைக் குவித்து, நடுவே குழி செய்து, முட்டையை உடைத்து ஊற்றிக் குழைப்பர். தண்ணீர் விடுவதில்லை. உள்ளங்கையின் அடிப்புறத்தால் தள்ளித் தள்ளிப் பிசைந்து, மூடிவைத்து அரைமணி நேரம் ஆறவிடுவர். பின்னர் நீண்ட உருளைக்கட்டையால் உருட்டத் தொடங்குவர். எவ்வளவு மெல்லிது வேண்டும்? தகட்டைச் சாளரத்தெதிரே தூக்கிப் பிடித்தால், மலைமேலிருக்கும் சான் லூக்காக் கோயில் அதனூடே தெரிய வேண்டும் என்பர் அவ்வூரார்.

தகட்டைச் சுருட்டி நாடாக்களாக வெட்டினால் அது தாலியத்தெல்லே. அதன் அகலம் எவ்வளவு? இங்கே இலக்கணகாரர் தலையிட்டுவிட்டனர். 1972 ஏப்பிரல் 16 ஆம் நாள், பொன்னாற் செய்த ஒரு தாலியத்தெல்லாவைப் பொலோஞா வர்த்தக சங்கத்தில் வைத்து, வெந்தபின் அகலம் 8 மில்லிமீற்றர் என்று விதித்தனர். ஊரின் நடுவே நிற்கும் அசினெல்லிக் கோபுரத்தின் உயரத்தில் 12,270 இல் ஒரு பங்கு அது என்றுங் கணக்கிட்டனர். இறைச்சிக் குழம்பின் பாகத்தையும் 1982 இற் பதிவு செய்து, 2023 இல் திருத்தினர். உலக உணவகங்களெல்லாம் பொலோஞாவின் பெயராலே 'ஸ்பகெத்தி' பரிமாறுகின்றன. அவ்வூர் வீடுகளிலோ அக்குழம்புக்கு உரிய துணை தாலியத்தெல்லேதான். தம் பெயராற் பிறர் செய்யும் பிழையைத் திருத்தவே பொன்னாடா வேண்டியிருந்தது போலும்!

ஆனால், பொன்னாடாவாற் பிசையக் கற்பிக்க முடியுமா? முட்டை சிறிதும் பெரிதுமாக இருக்கும். மழைநாளில் மா ஈரம் வாங்கியிருக்கும். 100 கிராமுக்கு ஒன்று என்ற சூத்திரம் அன்றன்று திருத்தப்பட வேண்டியதே. ஆசிரியை என்ன செய்கின்றார்? மாணவனின் கையைப் பிடித்துத் தம் மாவுருண்டையின் மேல் வைக்கின்றார்; பின்னர் அவனுடைய உருண்டையின் மேல் வைக்கின்றார். பேசுவதில்லை. வேறுபாட்டை விரல் அறிந்துகொள்கின்றது. பாடம் அவ்வளவே. தெற்கே பாரி நகருக்குப் போனால், அவனே மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே முட்டையில்லை, கடுங்கோதுமை இரவையும் தண்ணீருமே மூலப்பொருள். உருளைக்கட்டையுமில்லை, கத்திமுனையும் பெருவிரலுமே கருவி.

முன்னே இந்தக் கையை மகளின் கைமேலே தாய் வைத்தாள். பேத்தியின் கைமேலே பாட்டி வைத்தாள். மகளிர் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போயினர். அது வேண்டியதே, குறை சொல்வதற்கில்லை. ஆயின் மாப்பலகைக்கு முன் பிள்ளையின் இடம் வெறுமையாயிற்று. அவ்விடத்தில் இன்று அந்நியர் வந்து நிற்கின்றனர். வீட்டுச் சமையல் வல்ல பெண்களை நாடெங்கும் ஒன்றுசேர்த்து விருந்தினர்க்கு அறிமுகஞ் செய்யும் 'செசரீனே' என்ற அமைப்பு 2004 இற் பொலோஞாவிலேயே தொடங்கிற்று. ஊதியமின்றி ஆயுள் முழுதும் அடுப்படியில் நின்ற பெண்ணை, ஆசிரியை என்று விளித்துப் பணமுங் கொடுப்பவன் வெளியூரான். இத்தாலியச் சமையலை 2025 இல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. சொந்தப் பிள்ளைகள் கேளாத பாடத்தை அயலார் வந்து கேட்பதால் மகிழ்வதா, வருந்துவதா? ஒருநாள் மாணவன் ஒருநாள் மாணவனே. அவன் மரபைக் காக்கமாட்டான். எனினும், அவன் கேட்பதனால் அம்மையார் அக்கலையை மறவாதிருக்கின்றார். அவர் மகளும் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடும். ஆகவே யாம் மகிழ்வின் பக்கமே சாய்கின்றோம்.

ஐயத்துக்கும் இடமுண்டு. வெனிஸின் பழைய நகரில் 1951 இல் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022 இல் அத்தொகை 50,000 க்குக் கீழே போயிற்று. விடுதியில் தங்குபவன் பச்சைமீன் வாங்குவதில்லை. படம் எடுப்பான், போவான். மீன்கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. புளோரன்ஸில் 1874 இல் திறந்த நடுச்சந்தையின் மேல்மாடி, 2014 முதல் உண்டு களிக்கும் கூடமாக மாறிற்று. சமைப்பதற்குப் பொருள் தேடும் ஊரார் பலர் சான்த் அம்புரோசியோச் சந்தையை நாடுகின்றனர். இருபது பேரை வரிசையாக அழைத்துவந்து, கொடியுயர்த்தி, ஒன்றும் வாங்காமல் கடைமறித்து நிற்கும் வழிகாட்டி சந்தைக்குப் பகைவன். எட்டுப் பேரோடு வந்து, எட்டுப் பேருக்கு வேண்டிய மீனை அக்கடையிலேயே வாங்குபவர் சந்தையின் வாடிக்கையாளர். எந்த வகுப்பு நல்லது என்று கேட்போர், பை நிறைந்ததா என்று பார்த்தால் போதும்.

இறுதியாகப் பலேர்மோ. சிசிலித் தீவின் தலைநகரான அங்கே பல்லரோ என்று ஒரு பழஞ்சந்தை. வாள்மீனும் கத்தரிக்காயும் குவிந்து, வியாபாரிகள் இராகம் இழுத்துக் கூவும் இடம். பிரயாணிகள் இங்கும் கூட்டங் கூட்டமாக வந்து, பின் சமையல் வகுப்புக்குப் போகின்றனர். அதே நகரில் 1980 களிலிருந்து நம் தமிழ் மக்கள் குடியேறி வாழ்கின்றனர். நகரின் காவற் புனிதையாகிய ரொசாலியாவின் மலைக்குகைக்கு அவர்களுட் சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே நடந்து செல்வதை அவ்வூரார் நன்கறிவர். அவர்களிற் பலர் இத்தாலியர் வீடுகளில் வேலைக்கு நின்றவர்கள். அவ்வடுக்களைகளில் அம்மையாரின் பக்கத்தில் நின்று, உப்பின் அளவையும் மாவின் பதத்தையும் ஒருநாளன்று, ஆண்டுக்கணக்காகப் பயின்றவர்கள். அவர்களுக்கு வகுப்பென்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை. பல்லரோச் சந்தைக்கு அவர்கள் வழிகாட்டியின்றியே போய்வருகின்றனர்.