முகவரியில் ஓர் எண் மாறினால் யார் பாக்கி தெரிகிறது?

மொத்த வியாபாரிகள் பலர் இப்போது சில்லறைக் கடைக்காரர்களுக்காக இணையத்தில் ஆர்டர் வசதி வைத்திருக்கிறார்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனால் கடைக்கு ஒரு விவரப் பக்கம். விலாசம், ஜி.எஸ்.டி. எண், செல்போன் எண், நிற்கும் பாக்கி எல்லாம் அதில் இருக்கும். ராத்திரி கடை அடைத்த பிறகும் கணக்குப் பார்க்கலாமே என்று நாமும் இதை வரவேற்றவர்கள்தாம்.

நாம் சரக்கு எடுக்கும் ஓரிடத்தில் ஒருநாள் நம் பக்கத்தைத் திறந்தோம். முகவரி வரியின் கடைசியில் 112 என்று இருந்தது. கை தவறி 113 என்று தட்டிவிட்டோம். அடுத்த தெருக் கடைக்காரரின் பாக்கி, தவணை தவறிய விவரம், அவருக்குக் கொடுக்கும் தள்ளுபடி வரை வந்து நின்றது! உடனே மூடிவிட்டு முதலாளிக்குப் போன் செய்தோம். நமக்குக் கிடைக்காத அரை சதவீதம் அவருக்குக் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

மண்டியில் பேரேடு கணக்குப்பிள்ளை கையில் இருக்கும். கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் அவர் பக்கத்தைப் புரட்டுவார். இந்த மென்பொருளோ வாசலில் மட்டும் 'நீ யார்?' என்று கேட்டது. உள்ளே வந்தவர் கேட்ட பக்கத்தையெல்லாம் காட்டிவிட்டது.

இது சின்னக் கடைக் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனத்தில் 2019-இல் இதே ஓட்டை வெளிப்பட்டது. அங்கே கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை; எண்ணை மாற்றினால் போதும். சுமார் 88 கோடி ஆவணங்கள் திறந்து கிடந்தன. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

மென்பொருள்காரர், 'எண்ணை நீளமாக்கி, யாரும் ஊகிக்க முடியாதபடி செய்துவிடுகிறோம்' என்பார். அதோடு விடாதீர்கள். பூட்டாத கல்லாவின் மேல் சாக்கைப் போட்டு மூடுகிற வேலை அது. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கப்படும்போதும், கேட்பவர் அந்தப் பக்கத்துக்கு உரியவர்தானா என்று சர்வரிலேயே சரிபார்க்க வேண்டும். சொந்தப் பக்கத்துக்கு முகவரியில் எண்ணே வேண்டாம். உள்ளே வந்தவர் யாரென்று சர்வருக்குத் தெரியும். சரக்கு இறக்கும் பையனுக்கு விலாசமும் போன் எண்ணும் போதும், பாக்கி எதற்கு?

வேலையை முடித்துக் கொடுக்கும் அன்று இரண்டு பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். ஒன்றில் நுழைந்து, மற்றதன் எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள். பக்கம் திறக்க மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.