ஏலத் தொகையும் எகானமி ரேட்டும்

ஐ.பி.எல். ஏலம் வந்துவிட்டால் கோந்த்வாவில் நம் தமிழ்க் குடும்பங்களிலும் ஒரே பேச்சுதான்: "யார் எத்தனை கோடிக்குப் போனார்?" கிரிக்கெட் கோச்சிங் போகும் பிள்ளைகளும் ஆட்டக்காரரின் தரத்தை அந்தத் தொகையை வைத்தே எடை போடுகிறார்கள். இது சரிதானா என்பதைப் புனே அணியை வைத்தே பார்ப்போம்.

முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை ஏறுகிறதல்லவா? பூவின் மணம் கூடியதாலா? இல்லை, அன்று கேட்பவர் அதிகம். ஏலமும் அப்படித்தான். ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு உண்டு. ஒரே வகை ஆட்டக்காரர் இரண்டு அணிகளுக்குத் தேவைப்பட்டால் அடிப்படை விலை பல மடங்காகும்.

சென்னை, ராஜஸ்தான் அணிகள் தடையிலிருந்த 2016, 2017 ஆண்டுகளில் ரைசிங் புனே அணி ஆடியது. 2017 ஏலத்தில் அது பென் ஸ்டோக்ஸுக்கு 14.5 கோடி ரூபாய் கொடுத்தது. ஜெயதேவ் உனத்கட்டுக்குக் கிடைத்தது வெறும் 30 லட்சம்; அவரோ 24 விக்கெட் எடுத்தார். அடுத்த ஆண்டு ராஜஸ்தான் அவரை 11.5 கோடிக்கு வாங்கியது. அப்போது எடுத்தது 11 விக்கெட்தான்! ஆக, விலை சென்ற ஆண்டைப் பார்த்து வருகிறது. ஆட்டம் இந்த ஆண்டு நடக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். காயத்தால் அஸ்வின் விலக, அவர் இடத்துக்கு வந்தவர் நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர், வயது 17. 11 ஆட்டங்களில் 8 விக்கெட். இது ரொம்பக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஓவருக்குக் கொடுத்தது சராசரியாக 6.16 ரன். அதாவது 4 ஓவருக்குச் சுமார் 25. ஓவருக்கு 9 கொடுப்பவர் 36 கொடுத்துவிடுவார். இந்த 11 ரன் வித்தியாசம் சின்னதா? அவ்வாண்டு இறுதியாட்டத்தில் மும்பையிடம் புனே தோற்றது ஒரே ஒரு ரன்னில்தான்! அதற்கு முன், அதே மும்பைக்கு எதிரான தகுதிச் சுற்றில் 16 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவரும் இவரே. 2018இல் பெங்களூரு இவரை 3.2 கோடிக்கு எடுத்தது.

எனவே கோடிக் கணக்கை விட்டு, எத்தனை ஆட்டம், எந்த ஓவர்கள், ஓவருக்கு எத்தனை ரன் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டமும் புரியும், சராசரிக் கணக்கும் தானாக வந்துவிடும்.