செக் திரும்பிடுச்சா மச்சி? நாளை எண்ணு!

கல்வராயன் மலையில மரவள்ளி போடுற ஃப்ரெண்டுக்கு 40,000 ரூபாய் ரொக்கமா கைமாத்து கொடுத்தீங்கன்னு வைங்க. அறுவடை முடிஞ்சதும் செக் தர்றார். கள்ளக்குறிச்சி பேங்க்ல போட்டா, கணக்குல பணம் இல்லைன்னு திரும்பி வருது. "அடுத்த வாரம் மச்சி"ங்கறார். அந்த 'அடுத்த வார'த்துலதான் பல பேர் கேஸையே கோட்டை விடுறாங்க!

பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பணும். அது கிடைச்சும் 15 நாளில் பணம் வரலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார். இதுதான் 138-வது பிரிவு. 2 வருஷம் வரை ஜெயில், செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது ரெண்டுமே! நோட்டீஸ் நாள் தவறிடுச்சா? செக் தேதியிலிருந்து 3 மாசம் தாண்டலைன்னா மறுபடி பேங்க்ல போட்டுப் பார்க்கலாம். ஆள் சென்னைக்கே போயிட்டாலும், உங்க கணக்கு கள்ளக்குறிச்சியில இருந்தா வழக்கு இங்கேதான். 2015-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க.

"ரொக்கக் கடன், செல்லாது"ன்னு சிலர் மிரட்டுவாங்க. 20,000 ரூபாயும் அதுக்கு மேலும் ரொக்கமா கடன் வாங்கினா வருமான வரி அபராதம் வரலாம், அதுவும் வாங்கினவருக்கு. ஆனா அதைக் காட்டி செக் வழக்கிலிருந்து தப்ப முடியாதுன்னு 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

செக் வழக்குக்கு நாள் போயிட்டாலும், கடன் கொடுத்த 3 வருஷத்துக்குள் சிவில் கோர்ட்ல பணம் கேட்டு வழக்குப் போடலாம்.